மருதமரத்தடி நெருப்பு

ஜவுளிக்கடை ஞானசிகாமணிக்குப் பசி என்பது மறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தை மாதம் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். காமாலை இறங்கிப் போனது; கூடவே பசியையும் அழைத்துப் போய்விட்டது. கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "இனி கொடுக்க மருந்து இல்லையம்மா. அவர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்" என்று டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து அவர் மனைவி சொர்ணலதாவின் ஜெபமெல்லாம் ஒரே ஜெபமாகிவிட்டது: ஒரு வாய், ஆண்டவரே, ஒரே ஒரு வாய்.

கடைக்குத் துணி எடுக்க வரும் வயக்காட்டுச் சம்சாரி ஒச்சாண்டிதான் அவர்களைக் கூப்பிட்டவன். "மொதலாளி, ஒரு நா எங்க வயக்காட்டுல வந்து உக்காருங்க. பங்குனிக் காத்துக்குப் பசி தானா வரும்." ஞானசிகாமணிக்கு ஆசைதான். சொர்ணலதாதான் ஒவ்வொன்றாக எண்ணிப் பயந்தாள். காற்று, வெயில், கண்ட தண்ணீர். ஆனாலும் ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, தேனியில் பஸ் ஏறினார்கள். ஒரு கையில் உப்பில்லாக் கஞ்சி வைத்த தூக்குவாளி, மறு கையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்க் கூஜா, தோளில் ஒரு துணிப்பை.

உத்தமபாளையத்தில் மாட்டுவண்டி காத்திருந்தது. வைக்கோல் மேல் ஒச்சாண்டி தன் கறுப்புக் கம்பளியை மெத்தென்று விரித்திருந்தான். அதில் ஆட்டு வாடை. சொர்ணலதா அதைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, சலவைப் போர்வையை விரித்துக் கணவரை உட்காரவைத்தாள். வண்டி வாய்க்கால் கரைக்குத் திரும்பிய குலுக்கலில் கூஜா சாய்ந்து, தண்ணீரெல்லாம் வைக்கோலுக்குள் போய்விட்டது. அவளுக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது.

வயல் அழகாகத்தான் இருந்தது. அறுப்பு முடிந்த தாளடியில் வெள்ளரிக்கொடி பரவி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கரையெங்கும் புங்கம்பூ பொரி இறைத்தது போல உதிர்ந்திருந்தது. தூரத்து வரப்பில் மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தது. கரையோரம் நின்ற பெரிய மருதமரத்தின் கீழே ஞானசிகாமணியை உட்காரவைத்து, ஒச்சாண்டி மேலே கைகாட்டினான்.

"அங்கன பாருங்க, மொதலாளி."

உயரத்துக் கிளையில் முறம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. லேசாக அசைந்தது.

"மலைத்தேனி. புங்கம்பூவுக்கு வரும், பூ முடிஞ்சா போயிரும். அதுவரைக்கும் இங்கன நாங்க பீடி கூடப் பத்தவைக்க மாட்டோம். பொக பட்டுச்சோ, தீந்தோம். அதான் எம் பொஞ்சாதி வீட்டுலயே கூழு காச்சிக் கொண்டாந்திருக்கா."

"தேனீக்குப் பயந்து ஒருத்தன் நல்லவனாயிட்டான்" என்றார் ஞானசிகாமணி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பேசிய வேடிக்கை அது.

தேனீ பற்றிய பேச்சு எதுவும் சொர்ணலதாவின் காதில் விழவில்லை. சற்றுத் தள்ளி, கவிழ்ந்த கூஜாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சாண்டி மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு, தண்ணீர் காட்ட மடைப்பக்கம் போனான். அவன் மனைவி மொக்கம்மாள் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இவுகளுக்குக் காய்ச்சாத தண்ணி ஆகாது" என்றாள் சொர்ணலதா.

"எங்க கெணறு எளநி மாதிரி இருக்கும், தாயி."

"இருக்கட்டும். ஆகாது."

மொக்கம்மாள் முகம் சுருங்கினாலும் சிரித்துவிட்டாள். சொம்பை அங்கேயே வைத்துவிட்டு, "இந்தா, வெள்ளரிப்பிஞ்சு பறிச்சாரேன்" என்று கொடிக்குள் இறங்கினாள்.

சொர்ணலதா அவள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மரத்துக்குப் பின்னால் மூன்று கற்களைக் கூட்டி, சொம்பை மேலே ஏற்றினாள். கஞ்சியைச் சூடு பண்ணவென்று பையில் தீப்பெட்டி இருந்தது. பச்சையும் காய்ந்ததுமாகச் சுள்ளி பொறுக்கிப் பற்றவைத்தாள். அது எரியாமல் புகைந்தது. குனிந்து ஊதினாள். புகை தடிமனாகத் திரண்டு மரத்தோடு மரமாக மேலே ஏறியது.

இதற்குள் மொக்கம்மாள் மடி நிறையப் பிஞ்சோடு வந்து, ஞானசிகாமணியின் கையில் ஒன்றை வைத்தாள். புகை வாடை பட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் இருந்த கறுப்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"ஆத்தா! அணைங்க!"

மடியிலிருந்த பிஞ்செல்லாம் சிதறியது. வண்டிக்கு ஓடிக் கம்பளியை உருவினாள். சொர்ணலதாவைப் பிடித்து இழுத்துக் கணவர் பக்கத்தில் தள்ளி, இருவர் மேலும் கம்பளியைப் போட்டு நாலு பக்கமும் அமுக்கினாள்.

"அசையாதீக! என்ன ஆனாலும் தெறக்காதீக!"

"நீயும் உள்ள வா!" என்று கத்தினாள் சொர்ணலதா.

வாய்க்கால் சேற்றை அள்ளி நெருப்பின் மேல் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று. நடுவில் "ஸ்ஸ், அம்மாடி" என்று ஒரு முனகல். பிறகு தொப்பென்று தண்ணீருக்குள் யாரோ விழும் ஓசை. அதற்கு மேல் ரீங்காரம்தான். கம்பளி மேல் கல்மாரி போலத் தேனீக்கள் வந்து மோதின.

இருட்டில் சொர்ணலதா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவரைப் பிழைக்கவைக்க வந்து நானே கொல்லப் பார்த்தேனே, ஆண்டவரே. வெளியே அந்தப் பெண்ணையும் காப்பாற்றும்.

அப்போது காதருகே ஒரு சத்தம். கறுக்.

மறுபடியும் கறுக், கறுக்.

ஞானசிகாமணி வெள்ளரிப்பிஞ்சைத் தின்றுகொண்டிருந்தார். பயத்தில் தானாக வாய்க்குப் போனதோ, பசியோ, அவருக்கே தெரியாது. கழுவாத பச்சைப் பிஞ்சு. 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே அடக்கிக்கொண்டாள். அவர் விழுங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு மாதம் அவள் கேட்ட ஒரு வாய் அது.

"சொர்ணம்" என்றார் அவர் மெதுவாக. "ஆட்டு வாடை அப்படியொண்ணும் மோசமில்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ரீங்காரம் ஓய வெகு நேரமானது. ஒச்சாண்டி ஓடிவந்து கம்பளியை விலக்கினான். "மொதலாளி, ஒண்ணும் ஆகலையே?" வாய்க்காலிலிருந்து மொக்கம்மாள் சொட்டச் சொட்ட ஏறி வந்தாள். ஒரு கண் மூடிவிட்டது, உதடு தடித்துப் போயிருந்தது.

"ஏ ஆத்தி, எம் மூஞ்சியப் பாருங்க" என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள் அவள். "வீரபாண்டித் திருவிழாவுல கூட இப்புடி வேசம் கெடையாது."

யாரும் சொர்ணலதாவைக் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மொக்கம்மாளின் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை வாங்கி, மரத்திலிருந்து தள்ளி வண்டி நிழலில் அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு கொடுக்காக நகத்தால் எடுத்துத் தடவினாள். ஒன்பது இருந்தன.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள். "நான் ஒண்ணையும் நம்பல."

"புருசன் சீக்காக் கெடந்தா யாருக்குத்தான் நம்பிக்கை வரும், தாயி?" என்றாள் மொக்கம்மாள். நம்மைக் காப்பாற்றப் பல நேரம் ஆண்டவர் அனுப்பும் கை, நாம் தட்டிவிட்ட அதே கைதான்.

ஞானசிகாமணி கூழ்ப்பானைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அது உங்களுக்கு மட்டுமா, இல்ல வந்தவுகளுக்கும் உண்டா?"

ஒச்சாண்டி மனைவியைப் பார்த்தான். மொக்கம்மாள் சொர்ணலதாவைப் பார்த்தாள், சரி சொல்வாளோ மாட்டாளோ என்று.

சொர்ணலதா எழுந்தாள். சேற்றில் கிடந்த சொம்பை எடுத்து அலம்பி, கிணற்றில் இறைத்து முதலில் தான் ஒரு மிடறு குடித்தாள். குளிர்ந்து, கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு கூழைக் கரைத்து ஊற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அவர் சொம்பை இறக்காமலே கேட்டார்: "வெங்காயம் இருக்கா?"