இடம் மாறிய படகு

ஓவியன் வெண்டலின் ஹாஸுக்குக் கை நன்றாக ஓடும். வாய் அதைவிட நன்றாக ஓடும். "இயற்கை வைக்காத ஒரு இலையைக்கூட நான் வைக்கிறதில்லை" என்று மியூனிக்கில் பீர் குடிக்க உட்கார்ந்த இடத்திலெல்லாம் அளந்துகொண்டிருந்தான். கேட்டவர்கள் நம்பித் தொலைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் கலைக் கழகத்தில் நிலக்காட்சி ஓவியம் கற்பிக்கிற பதவி அவனுக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அதே நம்பிக்கை இப்போது கீம் ஏரிக்கரையில் ஒருவன் தலையைக் கேட்டது.

நீதிமன்ற அறையில், நாற்காலியின் மேல் அவன் படம் சாய்ந்து நின்றது. ஏரி, நாணல், வலப்பக்கம் மாவு ஆலை, ஆலையின் படித்துறையில் சிவப்பு விளிம்பு வைத்த படகு. பின்பக்கம் அவன் கையெழுத்து: ஆகஸ்ட் பதினான்கு, காலை ஐந்து முதல் ஏழு வரை, தென்காற்று. அன்று ஏழரைக்கு ஆலையின் வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே தூங்கிய கூலியாள் கருகிச் செத்துப்போனார். சிவப்பு விளிம்புப் படகு அந்த ஏரியில் மீனவன் குவிரினிடம் மட்டுமே உண்டு. ஆலைக்காரரோடு அவனுக்குப் பழைய தகராறும் உண்டு. கண்காட்சியில் படத்தைப் பார்த்த ஆலைக்காரர் அங்கேயே கூச்சல் போட்டாராம். குவிரினைப் பிடித்து ஆறு வாரமாகிறது.

ஆனால் படகு அங்கே இல்லை. இரண்டு மணி நேரமும் எதிர்க்கரையில் வில்லோ மரத்தடியில் கட்டிக் கிடந்தது. அக்டோபரில், வலப்பக்கம் வெறிச்சென்று இருப்பதாக வெண்டலினுக்குத் தோன்ற, மரத்தடிப் படகை நிழல் பூசி மறைத்துவிட்டு ஆலைப் பக்கம் ஒன்றை வரைந்தான். அரை மணி நேர வேலை. நிலக்காட்சி வரைகிற எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் இவனைப்போல் தம்பட்டம் அடிப்பதில்லை. வேறு சாட்சி கிடைத்துவிடும், நாம் வாய் திறக்க வேண்டியிராது என்று ஆறு வாரமும் பதவியைக் கட்டிக்கொண்டு கிடந்தான், கோழை.

நீதிமன்ற வாசலில் குவிரினின் மனைவி அஃப்ரா அவனை வழிமறித்தாள்.

"ஓவியரே, அன்னிக்கு என் வீட்டு ரொட்டியும் மோரும் சாப்பிட்டுட்டுத்தானே கரைக்குப் போனீங்க? ருசியா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நாக்கு வேலை செஞ்சுதுல்ல? கண்ணை மட்டும் எங்க வச்சிருந்தீங்க?"

வெண்டலின் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

நீதிபதி லாம்பெர்ட் படத்தைக் காட்டினார். "பார்த்தபடி வரைஞ்சதுதானே, ஹாஸ்?"

படத்தோடு மியூனிக்கிலிருந்து வந்திருந்த கலைக் கழகச் செயலாளர் பின்வரிசையில் இருந்து தலையசைத்தார். விலங்கு மாட்டிய குவிரின் இவனையே பார்த்தான்.

"இல்லீங்க. படகை நான் இடம் மாத்திட்டேன்."

நீதிபதி சிரித்துவிட்டார். "அட விடுங்க! உங்க இலைக் கதையை என் மைத்துனர் வீட்டு விருந்துல என் காதாலயே கேட்டிருக்கேன். ஒரு தலை போகுதுன்னதும் மனசு இளகிடுச்சு. அதானே?"

"சத்தியமா சொல்றேங்க."

"படமும் சத்தியம்னுதான் அன்னிக்குச் சொன்னீங்க. எதை நம்புறது?"

அடப்பாவமே! பொய்யை ஊரே நம்பியது. உண்மையை நம்ப ஆளில்லை. வெண்டலின் காலடியில் இருந்த பெட்டியைத் திறந்து கத்தியையும் சாயம் கரைக்கிற டர்பன்டைன் புட்டியையும் எடுத்தான்.

"ஹாஸ்!" செயலாளர் எழுந்துவிட்டார். "படத்தைத் தொட்டீங்கன்னா பதவியை மறந்துடுங்க."

ஒரு கந்தையை அதில் நனைத்து ஆலைப் படகைத் துடைத்தான். சிவப்பு கலைந்து வழிந்தது. அடியில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

"துடைச்சா எதுவும்தான் போகும்" என்றார் நீதிபதி. "இது போதாது."

இடப்பக்க நிழலில் கத்தியை வைத்தான். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. பழைய படகைச் சுரண்டிவிட்டுப் பூசினோமா, அப்படியே மேலே பூசினோமா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பழுப்பு உதிர்ந்தது. கரும்பச்சை உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் போனால் படத்துணியே தெரிந்துவிடும். கந்தையை மறுபடி நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றினான்.

நூல் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. பிறகு முழு விளிம்பும், மரத்தில் கட்டிய கயிறும், கிளையில் தொங்கிய வலையும் வெளியே வந்தன.

"என் வலை!" அஃப்ரா அலறியேவிட்டாள். "நான்தான் காயப் போட்டேன்! சாமி, நான்தான் போட்டேன்!"

நீதிபதி எழுந்து வந்து மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விலங்கைக் கழற்றச் சொன்னார். செயலாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வெண்டலினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குவிரின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே படத்தின் முன்னால் வந்து நின்றான்.

"மன்னிச்சிருப்பா" என்றான் வெண்டலின். "அந்தப் பக்கம் காலியா இருக்கேன்னு…"

"காலியாத்தான்யா இருந்துச்சு" என்றான் குவிரின். "ஆறு வாரமா நான் அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்."