வழிக்காத ட்ரே

கறிக்கடைக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டெல்லாம் பின்னால் வந்துகொண்டிருந்த கறிக்கடைக்காரருக்குத்தான். மாரடைப்பு வந்து பிழைத்து எழுந்த மனிதர். கொழுப்பு பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்றைக்கு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அவளைத் தனியாக அழைத்தார்.

"குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கும்மா. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்ல."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

"எந்தக் கடையில திங்கறீங்க? மறைக்காம சொல்லிடுங்க."

"சத்தியமா வெளிய ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

"அப்ப கொழுப்பு காத்துல வருதா?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் சாப்பாட்டை அவளேதான் பார்த்துச் சமைக்கிறாள். இத்தனைக்கும் அவள் கறி வாடையே ஆகாதவள். கறிக்கடைக்காரருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்ததைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் இல்லை. அப்படிப்பட்டவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவருக்காக மீட்லோஃப் என்கிற கறிரொட்டி செய்யக் கற்றுக்கொண்டாள். கொழுப்பில்லாத தொடைக்கறியைத் தங்கள் கடையிலேயே அரைத்து வாங்கி, ரொட்டித்தூளுக்குப் பதில் ஓட்ஸ், முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், நிறைய கேரட் துருவல் என்று பார்த்துப் பார்த்துப் பிசைந்து ஓவனில் சுட்டாள். "டயட்டு சாப்பாடு இவ்ளோ ருசியாவா இருக்கும்?" என்று மகள் கேட்டபோது பூரித்துப்போனாள். அவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். ட்ரேயைக்கூட, சூடு ஆறுவதற்குள் ரொட்டித்துண்டால் வழித்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார். கழுவ உனக்குச் சிரமம் இருக்காது பார் என்பார்.

இன்று ரத்தம் எடுக்கும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால், காலையில் சுட்டதை எடுத்துவைத்த பிறகு ட்ரே வழிக்கப்படாமல் தொட்டியிலேயே கிடந்தது. கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ட்ரே முழுக்க மெழுகு உருகி உறைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று கொழுப்பு.

ஒரு சொட்டு எண்ணெய்கூட அவள் ஊற்றவில்லையே!

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அவர் படுத்ததிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன், கறி அரைக்கும் மிஷின் முன்னால் நின்றிருந்தான்.

"தம்பி, இது என்ன?"

"என்ன அண்ணி, கொழுப்புதான்."

"நான் கொழுப்பே வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"தொடைக்கறிதான் அண்ணி எடுக்கறேன். வீட்டுக்கு அரைக்கறப்ப ஒரு பிடி கொழுப்பு சேத்துதான் அரைக்கணும்னு அண்ணன்தானே கத்துக்குடுத்தாரு. கை அதுபாட்டுக்குப் போயிடும். அதுவும் படுத்து எழுந்த மனுஷன், வெறும் நாரைத் திங்கறதான்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். மிஷினை அணைத்தான்.

"ஐயோ... நானா அண்ணி?"

நாலு அறை விடலாம் என்று வந்த ஆத்திரம், அவன் மிஷினிலிருந்த கொழுப்பையெல்லாம் வழித்து எறிவதைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. முழுக் கறியாக ஒரு துண்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"காலமெல்லாம் கறி வெட்டினவருக்கு வாயில வெச்சதும் தெரியாமலா போச்சு?" என்று படுத்திருந்தவரிடம் கேட்டாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "மொத நாளே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் வாயைத் தொறக்கல?"

"மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்த அன்னிக்கும் டாக்டர் உன்னைத் தனியா கூப்பிட்டாரு. நீ அழுது முகம் வீங்கி வந்தே. இனி தேறாதுன்னு சொல்லிட்டாங்க போல, இருக்கறவரைக்கும் ஆசைப்பட்டதைத் தின்னுட்டுப் போகட்டும்னு நீ விட்டுட்டேன்னு நெனச்சேன். கேட்டா நீ தாங்க மாட்டே. அதான் பேசாம தின்னேன்."

அவள் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தினமும் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள். அவரும் தினமும் தெரிந்தே தின்றிருக்கிறார்.

"உங்களைச் சாக விட்டுடுவேன்னா நெனச்சீங்க?" என்று அவர் முழங்காலில் ஓங்கிக் குத்தினாள்.

அவர் கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்துவரச் சொன்னார். கறித்துண்டைப் பலகையில் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கொழுப்பையெல்லாம் தானே சீவி எறிந்துவிட்டு, கறியைப் பொடியாகக் கொத்திக் கொடுத்தார். ஓட்ஸ், கேரட், வெள்ளைக்கரு. அவளே பிசைந்து சுட்டாள்.

வெட்டும்போதே அது உதிர்ந்தது. மகள் முகத்தைச் சுளித்தாள். அவர் வெகுநேரம் மென்று, ரெண்டு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

"மரத்தூள் தோத்துச்சு போ," என்றார். "இன்னொரு துண்டு வை."

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் ஒரு ரொட்டித்துண்டை எடுத்து ட்ரேயை வழித்தார். ரொட்டி காய்ந்தபடியே வந்தது. அதை அவளிடம் நீட்டிக் காட்டினார். அவள் வாங்கி, முகர்ந்து பார்த்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கடி கடித்தாள்.

"இனிமே நான் தின்னு பாத்துட்டுத்தான் உங்களுக்கு," என்றாள்.