மகமை பாக்கி

ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருந்த வெள்ளத்துரை, தெற்கத்தி வியாபாரிகளின் வழக்கப்படி, விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஓரணா மகமை எடுத்து வைப்பார். அவர்கள் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பணம். யாரும் வந்து கேட்பதில்லை.

விற்பனை வரி ஏறிய வருஷம் அதை நிறுத்தினார். "சர்க்காரே எல்லாத்தையும் புடுங்கிட்டா தர்மத்துக்கு எங்க போவேன் வே?" என்று பக்கத்து மண்டிக்காரரிடம் கத்தினார். அவரும் நிறுத்தினார்; பிறகு எல்லாரும்.

ஒருநாள் மூட்டை தூக்கும் சௌக்கத் அலி, மகள் ஜன்னத்தோடு வந்தான்.

"இவ படிச்ச உங்க இஸ்கோல மூடிட்டாங்கோ மொதலாளி. மொளகாக் காம்பு கிள்ற வேலை கீதா இவளுக்கு?"

சர்க்காரைத் திட்ட வாயைத் திறந்தவர், மண்டி மூலையைக் கைகாட்டினார். வரி பாக்கிக்கு ஜப்தி வருமென்று பயந்து கட்டியவர், மகமை பாக்கிக்கு எவன் வரப்போகிறான் என்றிருந்தார்.

ஜன்னத் மிளகாய்க் குவியல்முன் உட்கார்ந்தாள்.