கைக்கு எட்டாத மணி

மின்டபாராவுக்குப் போகும் வழியெல்லாம் கொலெட்டின் காது மெஷின் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது.

"அதைக் கழட்டித்தான் வையேன். பஸ்ஸுக்குள்ள கிளி வளக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஐட்டா.

"கழட்டினா நீ பேசுறது எதுவும் காதுல விழாதே, ஐட்டா."

"அது உங்களுக்கு வரமாச்சே, சிஸ்டர்!" என்று பஸ்ஸை ஓட்டிக்கொண்டே சொன்னாள் வைமோனா. டோங்கா தீவிலிருந்து வந்த இளம் சகோதரி, யாருக்கும் பயப்படாத வாய். பஸ்ஸில் இருந்த கிழட்டுக் கன்னியர்கள் எல்லோரும் ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ஐட்டாவும் சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் வைமோனாவைக் கண்ணாலேயே எரித்திருப்பாள். ஆனால் இந்த யாத்திரை முடியும்வரை அவள் எல்லோருக்கும் நல்லவளாக இருந்தாக வேண்டும்.

காரணம் இதுதான். மின்டபாராவில் கோதுமைக் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு கல்வீட்டில்தான் மதர் அகதா அனாதைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அடைக்கல மாதா சபையைத் தொடங்கினார். நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை போட்டு, சுண்ணாம்பு அடித்து, வருகிற யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு சகோதரிகள் அங்கேயே தங்க வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்று சபைத் தலைவியான புரொவின்ஷியல் மார்லின் இன்று இரவுச் சாப்பாட்டில் சொல்லப் போகிறாள்.

ஐட்டாவுக்கு அந்த வீடு வேண்டும். மதர் அகதாவின் கதையை அவளைப் போல உருக்கமாகச் சொல்ல சபையில் ஆள் கிடையாது. அந்த வீடு கிடைக்காவிட்டால் அடிலெய்டில் முதியோர் இல்லம்தான். அங்கே வேலை செய்யும் சின்னப் பெண்கள் முன்னாள் தலைமை ஆசிரியை என்றும் பார்க்காமல் 'ஸ்வீட்டி' என்று கூப்பிட்டுப் பூசணிக்காய் மசியலை ஸ்பூனால் ஊட்டிவிடுவார்கள். உள்ளாடையில் பெயர் எழுதித் துவைக்கப் போடுவார்கள். நினைத்தாலே ஐட்டாவுக்கு உடம்பு கூசியது.

அவள் இதயம் பலவீனம். நாக்குக்கடியில் அடிக்கும் மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அவளோடு இருக்கப்போவது ஒரு நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். சபையில் இன்னும் நிமிர்ந்து நடக்கிற நர்ஸ் கொலெட் ஒருத்திதான். கொலெட்டோடு ஐட்டாவுக்குத் தகராறு ஏதும் இல்லை. சொன்னதைச் செய்கிற, எதிர்த்துப் பேசத் தெரியாத ஜீவன். இருவரும் ஒரே நாளில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள்.

இடையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் இருந்தது. அது செத்துப்போன ஃபின்பார்.

முன்பு கடற்கரை மடத்தில் ஐட்டா தலைவி, கொலெட் நர்ஸ். சிஸ்டர் ஃபின்பார் தொண்ணூறு தாண்டிப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பக்கத்து மேஜையில் ஒரு பித்தளை மணி. தண்ணீருக்கு மணி, திரைச்சீலைக்கு மணி, ஒன்றுமில்லாததற்கும் மணி. அண்ணன் அடக்கத்துக்காகக் கொலெட் ஊருக்குக் கிளம்பிய அன்று மாலை, ஐட்டா அந்த மணியை எடுத்துச் சமையலறை டிராயரில் கரண்டிகளோடு போட்டுவிட்டு, இரவு நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் ஃபின்பார் கட்டிலை விட்டுப் பாதி சரிந்து விறைத்துக் கிடந்தாள். கை மட்டும் மேஜையின்மேல், மணி இருந்த இடத்தில். ஐட்டா முதலில் மணியை எடுத்து வந்து அங்கே வைத்தாள். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தாள். "குழந்தை மாதிரி தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பியும் விட்டாள்.

மின்டபாராவில் இறங்கி, மதர் அகதாவின் கல்லறையில் எல்லோரும் ஜெபமாலை சொல்லி முடித்தபோது கொலெட் ஐட்டாவின் முழங்கையைத் தொட்டாள்.

"ஐட்டா, ஃபின்பார் விஷயம். இங்க வந்து சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. இன்னைக்குச் சொல்லிடறேன்."

"எந்த விஷயம்?"

"மணி."

ஐட்டா அவளை ஓரமாக இழுத்தாள். "யார்கிட்டச் சொல்லப் போற?" என்று கேட்பதற்குள் மார்லின் கைதட்டி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் நடத்தியவள், கைதட்டாமல் யாரையும் கூப்பிடத் தெரியாது.

முன்னறையில் நீள மேஜை. அதன்மேல் மதர் அகதாவின் கைமணி. மார்லின் முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

"மதர் காலத்துல வெள்ளிக்கிழமைதோறும் இதே அறையில குற்றக் கூட்டம் நடக்கும். இன்னைக்கும் வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு தடவை, அவங்க செஞ்ச மாதிரியே நாமும் செஞ்சு பார்ப்போமா?"

"ஒருத்தர் குறையை இன்னொருத்தர் சொல்றதா?" என்றாள் வைமோனா. "அதைத்தான் தினமும் பாத்திரம் தேய்க்கிறப்ப செய்யறோமே, சிஸ்டர்!"

"இது அன்போட சொல்றது" என்றாள் மார்லின்.

"அப்ப அது கஷ்டம்."

மறுபடியும் சிரிப்பு. மார்லின் அதைக் காதில் வாங்காமல் விதியை விளக்கினாள். மணி அடித்ததும் முதலில் பிறர் குற்றத்தைக் கண்டவர்கள் எழுந்து சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவள் முழந்தாளிட்டுத் தரையை முத்தமிட்டு, 'கடவுள் உமக்குப் பலன் தருவாராக, சகோதரி' என்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் முடியும்வரை அவள் அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. தன்பக்க நியாயம் சொல்வதற்கும் இல்லை, சாட்டியவளைத் திருப்பிச் சாட்டுவதற்கும் இல்லை. தலைவி கொடுக்கிற தண்டனையைத் தட்டாமல் ஏற்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குற்றத்தைத் தாங்களே சொல்லலாம்.

கிழவிகளுக்கு இது மனப்பாடம். நவதுறவிகளாக இருந்த காலத்தில் இதே விதியில் அழுது புரண்டவர்கள்தான். ஐட்டாவுக்கு அப்போதே ஒன்று தெரிந்துவிட்டிருந்தது. முந்திக்கொண்டவள் பிழைத்தாள். அடுத்த நாள் மற்றவள் என்ன சொன்னாலும் அது பழிக்குப் பழி என்றுதான் எடுபடும்.

எதிர்வரிசையில் கொலெட் மடியில் கைகோத்து, உதடுகளை அசைத்து எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லின் மணியை அடித்தாள். ஒலி அடங்குவதற்குள் ஐட்டா எழுந்து நின்றாள்.

"சகோதரி கொலெட்டின் குற்றத்தை அன்போடு சொல்கிறேன். நர்ஸாக இருந்தும், நம்முடைய சிஸ்டர் ஃபின்பாரின் கடைசி இரவில் அவரை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அன்று இரவு மணி ஃபின்பாரின் கைக்கு எட்டவில்லை. நோயாளியின் மணியைக் கவனிப்பது நர்ஸின் கடமை. ஃபின்பார் தூக்கத்தில் இறக்கவில்லை. மணியைத் தேடித் தேடி, தனியாக இறந்தார். கொலெட்டைக் காப்பாற்றவே இத்தனை காலம் நான் மறைத்தேன்."

கடைசி வாக்கியம் தவிர ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லும்போது அவளுக்கு உண்மையான கண்ணீரே வந்துவிட்டது. வெட்கங்கெட்ட கண்ணீர்.

யாரோ "ஐயோ, ஃபின்பார்" என்று விம்மினார்கள். ஃபின்பாரிடம் படித்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர்.

கொலெட்டின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த முட்டி இரண்டும் நறநறக்க மெல்ல இறங்கினாள். கல்தரையில் முகம் பட்டதும் காது மெஷின் வீலென்று கத்தியது. யாரும் சிரிக்கவில்லை.

"கடவுள் உமக்குப் பலன் தருவாராக, சகோதரி."

"அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க! என்ன அநியாயம் இது?" என்று வைமோனா கத்தினாள்.

"விதி விதிதான், வைமோனா. உக்காரு."

கொலெட்டால் எழுந்திருக்க முடியவில்லை. வைமோனாதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது ஐட்டாவைப் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி சாப்ஸ், புதினா சாஸ். கொலெட்டுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. ஐட்டாவுக்கு நன்றாகப் பசித்தது. மார்லின் எழுந்து நின்றாள்.

"இந்த வீட்டுக்கு ஐட்டாவையும் கொலெட்டையும் போன மாசமே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்னு கொலெட் கேட்டிருந்தா. அது என்னன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சது." அவள் குரல் தழுதழுத்தது. "முடிவை மாத்தப் போறதில்ல. இதுதான் உனக்குத் தண்டனை, கொலெட். ஃபின்பாருக்குச் செய்யாததை ஐட்டாவுக்குச் செய்."

"சரி, மார்லின்" என்றாள் கொலெட். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஐட்டாவுக்கு இரட்டைச் சந்தோஷம். வீடும் கிடைத்தது, வாயைத் திறக்க முடியாத துணையும் கிடைத்தது.

காலையில் பஸ் புறப்பட்டது. சாமான்கள் பின்னால் வரும். வைமோனா கொலெட்டை நெடுநேரம் கட்டிப்பிடித்திருந்தாள். ஐட்டாவுக்குப் பின்பக்கக் கண்ணாடி வழியாகக்கூட ஒரு பார்வை இல்லை. புழுதி அடங்கியபின் கண்ணுக்கு எட்டியவரை கோதுமை மட்டும் நின்றது. பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஐட்டாவுக்குப் பொறுக்கவில்லை. "நேத்து என்னதான் சொல்ல இருந்த?" என்று கேட்டாள்.

கொலெட் டீ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கரண்டி எடுக்க டிராயரைத் திறந்தேன். மணி அதுக்குள்ள இருந்தது. யாரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா? எடுத்து வைக்கணும்னு தோணிச்சு. உன்கிட்ட வாங்கிக் கட்டிக்க பயம். பேசாம மூடிட்டு ரயிலுக்குப் போயிட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அதைத்தான் சொல்ல இருந்தேன். என் குத்தத்தை. உன் பேரே வந்திருக்காது, ஐட்டா."

ஐட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மார்பு இறுக்கிப் பிடித்தது. சட்டைப்பையைத் தடவி மருந்தை எடுத்து அடித்துக்கொண்டாள். கொலெட் அதைப் பார்த்தபடி நின்றாள். கிட்டே வரவில்லை.

வலி தணிந்ததும் ஐட்டா கேட்டாள். "என் ரூம் அந்தக் கோடியில இருக்கு. ராத்திரி எனக்கு ஏதாவதுன்னா?"

கொலெட் மேஜையிலிருந்த மதர் அகதாவின் மணியை எடுத்தாள். முன்னறைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பாக்கெட்டில் போட்டாள்.

"புனிதப் பொருள். யாரு கையும் படக்கூடாதுன்னு மார்லின் சொல்லியிருக்கா" என்றாள். "உனக்கு வேணும்னா கூப்பிடு."

பிறகு இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றி, சின்ன டப்பாவில் வைத்து மூடினாள்.

"கொலெட், கேளு. நான் பயத்துல…"

கொலெட் அவள் உதடுகள் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஐட்டாவைப் பயமுறுத்தியது அதுதான்.

"கடவுள் உமக்குப் பலன் தருவாராக, சகோதரி" என்றாள் கொலெட். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐட்டா சும்மா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.