முத்துக்குமாரு மடித்த இலை

பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் முத்துக்குமாரு சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடித்தால், கிள்ளானில் ஒரு கையுறைக் கம்பெனியின் பங்கு விலை ஏறும். அப்பால் மடித்தால் இறங்கும். அந்தக் கம்பெனி அதுவரை ஒரு கையுறைகூடச் செய்ததில்லை. ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்பிராணி அவர். சாப்பாடு நன்றாக இருந்தால் தன் பக்கம் மடிப்பதுதான் மரியாதை என்று மடித்தார், அவ்வளவே. இதை முதலில் கண்டுபிடித்தவன் யுகேந்திரன், பங்கு விலையை ஏற்றி ஏமாளிகள் தலையில் கட்டும் கும்பலின் தலைவன். அன்றிலிருந்து முத்துக்குமாருவுக்கு நாளுக்கு ஐந்து வேளைச் சாப்பாடு, கும்பல் செலவில். மூன்று வருடத்தில் கும்பல் கொழுத்தது, பாவம், அவரும்தான்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர் வர்த்தகக் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் மீனலோசனி. பதினான்கு மாதம் பக்கத்து மேசையில் ரசம் குடித்து அவர் எழுதிய கோப்பில், சேமிப்பைத் தொலைத்த ஆசிரியைகள், லோரி ஓட்டுநர்கள் என இருநூறு பேரின் புகார் இருந்தது. மேலதிகாரி சுகுமாறன் அதைத் தள்ளி வைத்தார். "இலைய மடிக்கிறது எந்தச் சட்டத்துல குத்தம், நீயே சொல்லு லா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வாக்குமூலமாச்சும் கொண்டா. இல்லாட்டி ஃபைல் குளோஸ், நீ பந்திங் ஊர்ல போய் டிராஃபிக் பாக்கலாம்."

வியாழக்கிழமை கும்பல் கைப்பணம் மொத்தமும் போட்டு அந்தப் பங்கு முழுவதையும் வளைத்துப்போட்டது. வேறு யார் கையிலும் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மதியம் ஏற்ற வேண்டும். மீனலோசனிக்குப் பொறி தட்டியது. நேரே முத்துக்குமாருவிடம் போனார்.

"அங்கிள், நாளைக்குச் செந்தூல்ல எங்க பெரியம்மாவோட முப்பத்தோராம் நாள் காரியம். சாப்பிட வாங்க."

"கட்டாயம் வரேன்மா. இதுக்கெல்லாம் மாட்டேன்னு சொல்லலாமா?"

யுகேந்திரன் தடுக்கவில்லை. எங்கே தின்றால் என்ன, மடித்தால் சரி என்று தானே காரில் கொண்டுவந்து இறக்கினான். வாசலிலேயே நின்று, தன் பக்கம் மடிக்கும்படி கையால் ஜாடை வேறு காட்டினான். பாயசம் முடிந்தது. துக்க வீட்டில் தன் பக்கம் மடித்தால் இன்னொரு சாவைக் கூப்பிடுவதாக ஆகிவிடும். முத்துக்குமாரு யுகேந்திரனைப் பார்த்தார், மாலை போட்ட படத்தைப் பார்த்தார், இலையை அப்பால் மடித்தார்.

மூன்று மணிக்குப் பங்கின் விலை ஒரே ஒரு சென் காசு. நான்கு மணிக்குக் கும்பல் மொத்தமும் மீனலோசனியின் மேசை முன் நின்றது, புகார் கொடுக்க.

"மூணு வருசமா எங்களுக்கு ஒழுங்கா மடிச்ச மனுசன் மேடம்! இன்னிக்கு ஏமாத்திட்டாரு லா!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான் யுகேந்திரன். என்றைக்கு ஏற்றினார்கள், யார் தலையில் கட்டினார்கள், பணத்தை எங்கே போட்டார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான். மீனலோசனி குறுக்கே பேசாமல் பதினெட்டுப் பக்கம் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றம் முத்துக்குமாருவைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. ஆனாலும் பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரத்தில் அவர் தட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. கடைக்காரர் அவருக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் இலை போடுகிறார்.