கமாலுதீனின் கிதார்

சுலைஹா இலைத்துண்டில் இடியாப்பத்தை வைத்துத் தேங்காய்ப்பூவைத் தூவிக்கொண்டே கேட்டாள்.

"கிதாரு என்னாச்சு தம்பி?"

"சரியான சாமான் இன்னும் கிடைக்கலக்கா," என்றான் சவரிமுத்து, இலையைப் பார்த்தபடி.

சூலியா தெரு முனையில் காலைநேரத்தில் மட்டும் இருக்கும் கடை அது. அவள் தம்பி கமாலுதீனும் சவரிமுத்துவும் பக்கத்துக் கடைவீட்டின் மாடியறையில் வருடக்கணக்காக ஒன்றாகக் குடியிருந்தவர்கள். கமாலுதீன் நடன மண்டபங்களில் மின்சாரக் கிதார் வாசிப்பவன். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்திகளை வருடி வாசிக்கும் ஹவாய் கிதார் அது. ஒலியைப் பெருக்கும் மின்பெட்டியோடு இணைத்தால்தான் அதற்குக் குரலே வரும். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவில் இடம் கிடைத்துப் புறப்படவிருந்த சமயத்தில் அது ஊமையாகிவிட்டது. "நீ எலெக்ட்ரிக் ஆளுதானே, பார்த்து அனுப்பிவை லா. அதுவரைக்கும் அங்க இரவல் வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான்.

கோளாறு என்னவென்று சவரிமுத்து அன்றே கண்டுபிடித்துவிட்டான். தந்திகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றியிருந்த கம்பிச்சுருளின் முனை, ஈயப் பற்றிலிருந்து விட்டுப்போயிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதை வைத்துப் பற்றவைப்பது? அவன் வேலை செய்த மின்சாரப் பட்டறையில் இருந்த பற்றவைக்கும் கோல் உலக்கை கனம். விரல் தடிமன் கேபிள்களுக்கானது. அதன் சூடு பட்டால் சுருளே கருகிவிடும். ஜெலுத்தோங்கில் வாளி அடைக்கும் சீனத் தகரக்காரரிடம் போய்ப் பார்த்தான். அவர் கரியடுப்பில் செம்புக் கட்டியைப் பழுக்கவைத்து, திராவகம் தடவிப் பற்றுவைத்தார். வாளிக்கு அது சரி. இந்தக் கம்பியையோ திராவகம் ஒரே மழைக்காலத்தில் அரித்துத் தின்றுவிடும்.

பிறகு பீச் ஸ்ட்ரீட்டில் வானொலிப் பெட்டி விற்கும் கடையொன்றில் அவன் தேடியது கிடைத்தது. பென்சில் அளவே இருந்த மின்சாரக் கோல், கூரான செம்பு முனை. திராவகத்துக்குப் பதிலாக, மாதா கோவில் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவரிடம் வில்லுக்குப் பூசும் குங்கிலியத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டான். எல்லாம் தயாராகிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. கோல் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்தது. கிதார் கமாலுதீனின் கட்டிலில், அவன் படுத்திருந்த வாக்கிலேயே, சுவரோரமாகக் கிடந்தது. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அறை முழுதும் காலியாக இல்லை என்று தோன்றும். சில நாள் பட்டறையில் நடந்ததை அதைப் பார்த்தே சொல்லியும் இருக்கிறான். அதற்குக் குரல் வந்துவிட்டால் அதுவும் கப்பலேறிவிடும். அப்புறம் பாதிரியாரிடம் வாரத்துக்கொருமுறை தோத்திரம் சொல்வதைத் தவிர வாய்திறக்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சுலைஹா அவனுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிங்கப்பூர்லேருந்து ஆளு வந்து சொல்லிச்சு தம்பி. இரவல் குடுத்தவன் திருப்பிக் கேக்குறானாம். கிதாரு இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். நாளைக்குச் சாயந்தரம் கப்பல் போவுது. என் கொழுந்தன் அதுலதான் சமையல் வேலை, கையோட கொண்டு போயிருவாரு." கொஞ்சநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். "அவன் விட்டுட்டுப் போன கைலிய நானும் இன்னும் துவைக்கல தம்பி. வாசம் போயிரும்னு."

சவரிமுத்து இலையை மடித்தான். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தர்றேன்கா," என்றான்.

அன்று மாலை ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டான். கோலின் முனை சூடேறியதும் குங்கிலியத்தில் தொட்டான். மெல்லிய புகை எழுந்தது. கம்பியின் முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, இருந்த இடத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டான். ஈயம் ஒரு கணம் பாதரசம்போல ஓடி, மங்கி, இறுகியது. இத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலை ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

மின்பெட்டியில் இணைத்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நடுத்தந்தி ஒன்றை விரலால் மெல்ல இழுத்து விட்டான். கனத்த, நீண்ட நாதம் எழுந்து மரத்தரை அதிர்ந்தது.

கீழே கடைக்காரர் அப்துல் ஹமீது படியடியில் வந்து நின்று குரல்கொடுத்தார். "கமாலு வந்துட்டானா?"

சவரிமுத்து உள்ளங்கையால் தந்திகளை அமுக்கினான்.

"இல்ல பாய். நான்தான்."

"ஓ," என்றார் அவர். செருப்புச் சத்தம் கடைக்குள் போய் மறைந்தது.

மறுநாள் சுலைஹாவும் அவனோடு படகுத்துறைக்கு வந்திருந்தாள். அவள் கொழுந்தன் சாக்கில் பொதிந்த கிதாரை வாங்கிச் சம்பான் படகில் வெங்காய மூட்டைகளுக்கிடையே சாய்த்து வைத்தார். "பத்திரம், நனைஞ்சிரப் போவுது," என்றான் சவரிமுத்து. அவர் தலையாட்டினார். சம்பான் விலகி, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலை நோக்கி அலைகளில் ஏறி இறங்கிப் போயிற்று. கொழுந்தன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சுலைஹா கையை உயர்த்தி, ஆளுக்கு அசைப்பதுபோல, அந்தச் சாக்குப்பொதியைப் பார்த்து அசைத்தாள். சவரிமுத்து அவளைப் பார்த்தான். பிறகு கூச்சத்தோடு தன் கையையும் உயர்த்தினான்.