மர்மோத் வேடம்

1987 பெப்ரவரி இரண்டாம் திகதி, காலை பதினொன்றே காலுக்கு, மடுத்தீனின் வால் கழன்று விழுந்தது.

சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் குனிந்து நின்றான். அருள்மலர் பின்னால் முழந்தாளிட்டு வாலைத் திரும்பத் தைத்தாள். தடித்த துணியில் ஊசி இறங்க மறுத்தது. அன்று கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் நாள். அவள் பூசைக்குப் போயிருக்க வேண்டும். புருஷனுக்கு வால் தைத்துக்கொண்டிருந்தாள்.

மடுத்தீன் வேலை செய்த ரெஸ்ரோறன்ட், பாரிஸில் லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துக்கு எதிரே இருந்தது. முதலாளி ஜெர்மேன் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள். அந்த ஊரில் பெப்ரவரி இரண்டாம் திகதி மர்மோத்தை எழுப்புவார்களாம். மர்மோத் என்பது குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்குகிற ஒரு பிராணி. அன்று அது வெளியே வந்து, தன் நிழலைக் கண்டு பயந்து உள்ளே ஓடிவிட்டால் இன்னும் நாற்பது நாள் குளிர். பாரிஸில் குடியேறிய ஊர்க்காரர்களைக் கூட்டி ஜெர்மேன் வருடாவருடம் அதைக் கடை வாசலில் நடத்துவாள். ஒருவர் மர்மோத் வேடம் போடவேண்டும். பழைய வேடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. மடுத்தீனின் மனைவிக்குத் தையல் தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

மடுத்தீனின் அகதி விண்ணப்பம் இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது. இவனுக்கு நிரந்தர வேலை கொடுக்கிறேன் என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால் விசாவுக்கு இன்னொரு வழி உண்டு என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஜெர்மேன் ஒரு வருடமாக நாளைக்கு, நாளைக்கு என்றாள். வேடம் போட்டால் அன்றைக்கே கையெழுத்து என்றாள்.

அருள்மலர் பாரிஸுக்கு வந்து ஏழு மாதம். மர்மோத்தைக் கண்டதில்லை. சமையல்காரர் இராஜதுரையிடம் கேட்டாள். அது மலை அணில் தங்கச்சி, கொஞ்சம் கொழுத்தது என்றார். ரூ காய் என்ற தெருவில் இருந்த தங்கள் அறையில், ஜெர்மேன் கொடுத்தனுப்பிய இரண்டு பழைய ரோமக் கோட்டுகளைப் பின்பக்கமாகப் பிளேட்டால் கீறி வெட்டினாள். பத்து நாள் மூக்குக்குள்ளும் ரோமம், சோற்றுக்குள்ளும் ரோமம். அணில் என்றபடியால் முதுகில் வெள்ளைத் துணியால் மூன்று வரி வைத்தாள். வரி இல்லாத அணில் எங்கே இருக்கிறது?

ஜெர்மேன் அதைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பிட வந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். பிறகு பிரிக்கச் சொன்னாள். பிரித்த இடத்தில் ரோமமும் சேர்ந்து போய் மூன்று சொட்டைக் கோடுகள் நின்றன.

"வரிக்குதிரைக்குச் சொறி பிடிச்சமாதிரிக் கிடக்கு" என்றார் இராஜதுரை.

அருள்மலர் அன்றிலிருந்து ஜெர்மேனின் முகத்தைப் பார்ப்பதில்லை.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வால் நின்றது.

"நீ இஞ்சையே நில்லப்பா" என்றான் மடுத்தீன். "வெளியாலை குளிர்."

அவள் நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் முப்பது நாற்பது பேர். அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒரு வளை செய்திருந்தார்கள். மணி அடித்தார்கள். மடுத்தீன் நாலு காலில் வெளியே வந்தான். வெயில் எறித்தது. நிழலைக் கண்டு துள்ளினான். அதுவரைக்கும் அருள்மலருக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது. அவன் திரும்பி வளைக்குள் நுழையப் போனான். ஜெர்மேன் மறித்து நின்றாள். அவள் கையில் விளக்குமாறு இருந்தது. எல்லோர் கையிலும் இருந்தது.

மர்மோத்தை உள்ளே போக விடக்கூடாது. விட்டால் குளிர் போகாது. ஆகவே அது களைத்து விழும்வரை அடிக்க வேண்டும். இந்தப் பகுதியை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

முதல் அடி முதுகில் விழுந்தது. நோகிற அடி இல்லை. விளையாட்டுத்தான். தொப்பி போட்ட ஒரு கிழவர் அடித்தார். அவருடைய பேத்தி அடித்தாள். ஆனால் விளக்குமாறு. அவளுடைய ஊர் மன்னாரில் ஒருவனை அதால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு குடும்பம் சாகும்வரை முகம் பாராது. இங்கே முறை வைத்து அடித்தார்கள். மடுத்தீன் உருண்டான். தலைக்கூட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அருள்மலர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஜெர்மேனின் விளக்குமாற்றைப் பறித்தாள். முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தாள். முறியவில்லை. தெருவில் வீசினாள். பிறகு ஒரு தூஷண வார்த்தையைச் சொன்னாள். அதைக் கேட்டிருக்கிறாளே தவிர வாயால் சொன்னதில்லை.

கூட்டம் கைதட்டியது.

மர்மோத்தின் பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று யாரோ கத்தினாராம்; பிறகு மடுத்தீன்தான் சொன்னான். ஜெர்மேன் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அருள்மலர் புறங்கையால் துடைத்தாள். அதற்கும் கைதட்டினார்கள்.

சமையலறையில் மடுத்தீன் தலைக்கூட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை. கையில் கடிதம். கையெழுத்து இன்னும் காயவில்லை. அடுத்த வருடம் இரண்டு பேருமாகச் செய்யவேண்டுமாம், இன்னொரு வேடமும் தைக்கவேண்டுமாம் என்றான்.

முதலே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். அது அவர்களுடைய வழக்கம், கோபத்தில் அடிப்பதில்லை என்றான். போன வருடம் இராஜதுரை அண்ணை மர்மோத்தாகப் போனவர், அவருக்கும் இப்படித்தான் எல்லோரும் சேர்ந்து அடித்தோம், அடுத்த கிழமையே கடிதம் கிடைத்தது, இன்று விசாவோடு நிற்கிறார் என்றான்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இராஜதுரையின் கத்தி நின்றது. அவர் திரும்பவில்லை.

அருள்மலர் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணைக்கு அடிக்கேக்கை உங்கடை கையிலை என்ன இருந்தது?"